இது என்ன கல்? பெயர் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வித்தியாசமான கல் கிடைப்பது அதிசயமே இல்லை. செம்பனைக்கு உரம் போடப் போனவர் காலில் இடறும், கால்வாய் தோண்டுகிற இயந்திரம் வாரிப் போடும், ஆற்றுக்குக் குளிக்கப் போன பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், தேநீர் ஆறுவதற்குள் டைனோசர் முட்டை, விண்கல், யானைப்பல், நாகரத்தினம் என்று வரிசையாகப் பெயர் வந்து விழும். பெரும்பாலும் எல்லாமே தப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லாரும் உருவத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் போன் செயலிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன, கொஞ்சம் நம்பிக்கையோடு. கல் விஷயத்தில் உருவத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கல் இங்கே எப்படி வந்தது?

அங்கேயே பிறந்ததா, லோரியில் வந்ததா

தோட்டத்தில் கால்படும் இடத்தில் கிடக்கும் கல்லில் பெரும்பகுதி அந்த மண்ணுடையதே அல்ல. மண்சாலைக்குக் கொட்டும் சரளை குவாரியில் உடைத்தது, கிரானைட்டாகவோ சுண்ணாம்புக்கல்லாகவோ இருக்கும், எல்லாப் பக்கமும் கூரான முனைகளோடு கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். தண்டவாளத்து ஜல்லியும் அப்படித்தான். வீடு இடித்த இடத்திலிருந்து வந்த சிமெண்ட் கட்டி, மழையில் நனைந்து மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட் (சாக்கின் நெசவு கூட அதில் பதிந்திருக்கும், அதைப் பாம்புத்தோல் என்று சொன்னவர்கள் உண்டு), பழைய செங்கல், இரும்புப் பட்டறைக் கசடு எல்லாம் காலப்போக்கில் உருண்டு திரண்டு கல் வேஷம் போட்டுக்கொள்ளும்.

இதில் எல்லாரையும் ஏமாற்றுவது எண்ணெய் ஆலையின் கொதிகலன் கட்டி. செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரிக்கும்போது சாம்பல் உருகிச் சேர்ந்து கட்டியாகிவிடும், கிளிங்கர் என்பார்கள். அதை அள்ளித் தோட்டத்துச் சாலைப் பள்ளங்களில் கொட்டுவது வழக்கம். கருஞ்சாம்பல் நிறம், சில இடத்தில் கண்ணாடிப் பளபளப்பு, உடைத்தால் உள்ளே முழுக்கக் குமிழித் துளைகள், பார்க்கும் அளவுக்குக் கனமும் இருக்காது. விண்கல் என்று கண்ணாடி அலமாரியில் வைக்கப்பட்டிருப்பதில் நிறைய இதுதான். விண்கல்லுக்குள் குமிழி இருப்பது மிக அரிது, அதனால் துளைதுளையாக இருந்தாலே ஆலைப் பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

பழைய ஈய லம்பக் குட்டைப் பக்கம், அதாவது வெள்ளீயச் சுரங்கம் விட்டுப்போன குட்டைப் பக்கம் கிடைத்தால் கதை வேறு. அங்கே ஆழத்தில் இருந்த மண்ணையும் கூழாங்கல்லையும் வாரி மேலே கொட்டி, ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள். எந்த அடுக்கிலிருந்து எது வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல பொருள்கள் கிடைக்கும் இடமும் அதுதான். நீள நீளமாகக் கோடு விழுந்த கருப்புப் படிகம் கிடைத்தால் பெரும்பாலும் டூர்மலின். கையளவு கருமணல் எதிர்பாராத கனமாக இருந்தால் அது அமாங், அதாவது ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கனிம மணல், இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சு உள்ள பொருள். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், பாட்டிலில் அடைத்துப் படுக்கை அறையில் வைக்க வேண்டாம்.

ஆற்றுக்கல் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். அது மேலே எங்கோ பிறந்து உருண்டு வந்தது, ஆகவே கரையில் உள்ள பாறையைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல முடியாது. சுங்கை பிளஸ் ஆற்றில் கிடக்கும் உருண்டைகளைப் பாருங்கள், கிழக்கே திதிவங்சா மலையிலிருந்து வந்த கிரானைட்டும் வெள்ளை வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்)தான் அதிகம்.

மறுநடவுக்கு மேட்டை வெட்டிப் படி எடுத்திருக்கும் இடம், புதுச்சாலைக்குக் குன்றை அறுத்த இடம், இங்கே மட்டும்தான் கல்லை அது பிறந்த வீட்டிலேயே பார்க்க முடியும். பாறை அடுக்கடுக்காக இருக்கிறதா, அடுக்கே இல்லாமல் புள்ளிபுள்ளியாக இருக்கிறதா என்பதை அங்கே பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், இடம் தெரிந்தால் பல பெயர்களைச் சோதனையே இல்லாமல் அடித்துவிடலாம். திதிவங்சா மலைத்தொடரும் ஈப்போவுக்கு மேற்கே நிற்கும் கிளேடாங் மலையும் கிரானைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய குழம்பு மெதுவாக ஆறி இறுகியது, திதிவங்சாவின் வயது ஏறக்குறைய 20 கோடி ஆண்டு. அந்தக் குழம்புக்குள் எந்த உயிரும் இருந்திருக்க வழியில்லை, ஆகவே கிரானைட்டுக்குள் புதைபடிவம் என்ற பேச்சே கிடையாது, எவ்வளவு முட்டை மாதிரி இருந்தாலும் சரி. சிம்மோர், ஈப்போ, கம்பார் என்று கிந்தா பள்ளத்தாக்கில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் வேறு வகை. டெவோனியன் காலத்திலிருந்து பெர்மியன் காலம் வரை, அதாவது சுமார் 40 கோடியிலிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியில் படிந்தவை. சரி, அப்படியென்றால் குன்று முழுக்கச் சிப்பியும் பவளமும் இருக்க வேண்டுமே? இல்லை. பின்னால் வந்த கிரானைட்டின் சூட்டில் அந்தச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் வெந்து பளிங்காகிவிட்டது, உள்ளே இருந்த உருவங்களும் அழிந்துபோயின. சூடு அதிகம் எட்டாத சில இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது. கம்பாரில் எச்.எஸ்.லீ சுரங்கத்தில் கிடைத்த பெர்மியன் கால உயிரெச்சங்கள் புவியியல் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை.

கழுவுவதற்கு முன்

எடுத்த இடத்திலேயே, எடுப்பதற்கு முன்பே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு 20 சென் காசு வையுங்கள், அளவு தெரியும். போனில் இருப்பிடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மேலே இருந்தது, சுற்றியுள்ள மண் சிவப்பா மஞ்சளா சாம்பலா, பக்கத்தில் அதே மாதிரி வேறு கல் உண்டா, இவ்வளவும் எழுத ஐந்து நிமிடம் ஆகாது. இடம் தெரியாத புதைபடிவத்துக்கு அருங்காட்சியகத்தில் பாதி மரியாதைகூடக் கிடைக்காது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பிறகு வெறும் தண்ணீர், பழைய பல்துலக்கி. அவ்வளவுதான். ஆசிட் வேண்டாம், எண்ணெய் தடவிப் பளபளக்க வைப்பது வேண்டாம், வார்னிஷ் அடிப்பது வேண்டவே வேண்டாம். எலும்பு போலவோ பல் போலவோ இருந்தால் தண்ணீரில் ஊற வைக்கக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

எலும்பா கல்லா என்று அறிய நாக்கை வைத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு, துளையுள்ள எலும்பு நாக்கில் ஒட்டும் என்பார்கள். நம் ஊரில் அதைச் செய்யாதீர்கள். தோட்டத்து மண்ணில் எலி மூத்திரம் இருக்கும், எலிக் காய்ச்சல் விளையாட்டு இல்லை, களைக்கொல்லியும் இருக்கலாம். அதற்குப் பதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உறிஞ்சுகிறதா என்று பார்த்தால் அதே பதில் கிடைக்கும். கையில் புண் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு மண்ணைத் தொடுங்கள்.

இன்னொன்று. மரத்தடியில் மஞ்சள் குங்குமம் வைத்த கல்லைத் தொட வேண்டாம். அது என்ன கல் என்று அங்கே கும்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

சமையல் தராசு, இரும்புக் கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, குளியலறை ஓட்டின் பின்பக்கம் (மெருகு இல்லாத பக்கம்), வினிகர், நூலில் கட்டிய காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். லென்ஸ் தவிர மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும். கல்லை உடைக்கலாமா என்று கேட்பார்கள். வெப்ப நாட்டில் கல்லின் தோல் மழையிலும் வெயிலிலும் மக்கி நிறம் மாறிப்போயிருக்கும், உள் முகத்தைப் பார்க்காமல் உண்மை நிறம் தெரியாது என்பது சரிதான். ஆனால் உருவம்தான் சாட்சி என்றால், அதாவது எலும்பு, பல், சிப்பி, இலை, கருவி மாதிரி எதுவும் இருந்தால், சுத்தியலை எடுக்கவே கூடாது. ஏற்கெனவே உடைந்த முனை ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள்.

கனத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதுதான் பொய் சொல்லாது. "கனமா இருக்கு" என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது, பெரிய கல் எல்லாமே கனம்தான். முதலில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாதபடி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. உதாரணத்துக்கு 530 கிராம் கல், தண்ணீரில் தொங்கும்போது 200 காட்டுகிறது என்றால் 2.65. அது வெங்கச்சங்கல்லின் எண், கிரானைட்டும் சுண்ணாம்புக்கல்லும் 2.6, 2.7 பக்கம்தான் வரும். 5ஐத் தாண்டினால் ஹெமடைட் போன்ற இரும்புத் தாதை நினையுங்கள். 7 பக்கம் வந்தால் நம் வட்டாரத்தில் முதலில் வர வேண்டிய பெயர் ஈயத்தாது. இரும்பு விண்கல் 7க்கு மேல், சாதாரணக் கல் விண்கல் 3க்கு மேல். உங்கள் "விண்கல்" 2.4 என்று வந்தால் அங்கேயே வழக்கு முடிந்தது. துளையுள்ள கல்லாக இருந்தால் துளைகளும் கன அளவில் சேர்ந்து எண் குறைவாக வரும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில். நகம் கீறினால் கடினம் 2.5க்குக் கீழே. கத்தி கீறினால் 5.5க்குக் கீழே, சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் 3 என்பதால் கத்தி எளிதாகக் கீறும். கத்தி வழுக்கி, கல்லின் மேல் இரும்பின் சாம்பல் கோடு மட்டும் விழுந்து, அந்தக் கல் கண்ணாடியைக் கீறினால் பெரும்பாலும் வெங்கச்சங்கல் குடும்பம், 7. கீறியபின் விரலால் துடைத்துப் பாருங்கள், உண்மையான கீறல் துடைத்தால் போகாது. வெள்ளையாக இருப்பதையெல்லாம் பளிங்கு என்று சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு சோதனை தீர்த்துவிடும்.

வினிகர் சோதனை எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் எல்லாரும் அவசரப்படுவார்கள். மறைவான ஒரு மூலையைக் கத்தியால் சுரண்டிப் பொடி எடுங்கள், பொடியின் மேல் ஒரு சொட்டு விடுங்கள், லென்ஸால் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகர் மெல்லிய அமிலம், கல்லின் மேலேயே விட்டால் நுரை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், டாலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் வகை) பொடியில்கூட மிக மெதுவாகத்தான் நுரைக்கும். சிமெண்டும் நுரைக்கும், சிப்பியும் நுரைக்கும், ஆகவே நுரைத்துவிட்டது என்பதற்காகப் பழங்காலக் கல் என்று குதிக்க வேண்டாம்.

ஓட்டின் பின்பக்கம் கல்லைத் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் கல்லின் மேல் நிறத்தைவிட நம்பகமானது. கருப்பாக மின்னும் ஹெமடைட் செம்பழுப்புக் கோடு போடும், மேக்னடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது கருங்கோடு. தங்கம் என்று நம்பிக் கொண்டுவரும் பைரைட் பச்சை கலந்த கருங்கோடு போட்டுக் காலை வாரிவிடும், தங்கமாக இருந்தால் கோடும் மஞ்சளாகவே விழும். காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் கல்லை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோங்கள், கொஞ்சம் இழுத்தாலும் தெரியும். மேக்னடைட்டும் இழுக்கும், பட்டறைக் கசடும் இழுக்கும், விண்கல்லும் இழுக்கும். இழுக்கவே இல்லை என்றால் விண்கல் அநேகமாக இல்லை, இழுத்தது என்றால் இன்னும் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

உயிர் இருந்ததா என்று எப்படிப் பார்ப்பது

இப்போதுதான் உருவத்துக்கு வருகிறோம். நம் ஊரில் புதைபடிவம் என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசியும் செம்பூரான் கல்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். மழை மண்ணிலிருந்து மற்றதையெல்லாம் கரைத்து எடுத்துவிட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகிக் கல்லாவதுதான் அது. வேர் போன வழி குழாயாக நிற்கும், பார்த்தால் எலும்பு. உருண்டை உருண்டையாகத் திரளும், பார்த்தால் முட்டை. துளைதுளையாக இருக்கும், பார்த்தால் பவளம். ஓட்டில் தேய்த்தால் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ கோடு விழும், வினிகருக்கு அசையாது, உடைந்த முனையில் லென்ஸ் வைத்தால் ஒழுங்கு எதுவும் இருக்காது, ஒரு துளை பெரிது, பக்கத்தில் சிறிது, ஒன்று கோணல்.

ஒழுங்குதான் உயிரின் அடையாளம். ஒரே அளவுள்ள அறைகள் வரிசையாக, மையத்திலிருந்து கதிர்போல் பிரியும் கோடுகள், இடம் வலம் ஒத்துப்போகும் பாதிகள், அந்த அமைப்பு மேற்பரப்போடு நிற்காமல் கல்லின் உள்ளேயும் தொடர்வது, இவற்றைத் தேடுங்கள். சுண்ணாம்புக்கல்லில் நடுவில் துளையுள்ள சிறு வட்டத் தட்டுகள் சிதறிக் கிடந்தால் அவை கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள், பெயரில் அல்லி இருந்தாலும் அது விலங்கு. அரிசி மணி மாதிரி நீண்ட சிறு உருவங்கள் கூட்டமாக இருந்து, குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் சுருள் தெரிந்தால் ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச் செல் உயிரி, அதைக் கண்டால் அந்தப் பாறை பெர்மியன் காலம் அல்லது அதற்கு முந்தின கார்போனிஃபெரஸ் காலம் என்றே சொல்லிவிடலாம். சிப்பி கிடைத்தால் ஒரு ஓட்டை மட்டும் எடுத்து நடுவில் கோடு போட்டதாக நினைத்துப் பாருங்கள். இடமும் வலமும் ஒத்திருந்தால் பிராக்கியோபாட், அது பழைய கடலின் ஆள். ஒத்திராமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நாம் சமைக்கும் சிப்பிகளின் சொந்தம்.

சிப்பி என்றதும் ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புக் குன்றின் அடியில், குகை வாயில் நத்தை ஓடுகள் கல்லோடு ஒட்டி இறுகிக் கிடக்கும். மேலிருந்து வடியும் சுண்ணாம்புத் தண்ணீர் அவற்றை ஒட்ட வைத்திருக்கிறது, வயது அதிகம் இருக்காது. ஆனால் ஒரே வகை ஓடுகள் குவியலாக, கரியோடும் எலும்போடும் கலந்து கிடந்தால் அது மனிதர்கள் தின்றுவிட்டுப் போட்டதாக இருக்கலாம். பேராக்கின் லெங்கோங்கில் குனோங் ருந்துக் குகையில் பேராக் மனிதன் என்று அழைக்கப்படும் பழங்கால மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தபோதும் ஆற்று நத்தை ஓடுகள் உடன் இருந்தன, வயது பத்தாயிரம் ஆண்டுக்கு மேல். அப்படி ஒரு குவியலைக் கண்டால் கிளறாமல் விட்டுவிட்டுச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள்.

இலை மாதிரிப் படம் பதிந்த கல்லும் அடிக்கடி வரும். பாறை விரிசலில் மாங்கனீஸ் தண்ணீர் ஊடுருவிக் கருப்பாகக் கிளைவிட்டுப் படிவதுதான் அது, பெரணி மாதிரியே இருக்கும். லென்ஸில் பாருங்கள், இலைக்கு நடுநரம்பு இருக்கும், அதிலிருந்து பக்க நரம்புகள் பிரியும், ஓரம் ஒரு கோட்டில் முடியும். மாங்கனீஸ் படத்துக்கு இது எதுவும் கிடையாது, விரிசலின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும். உண்மையான இலைப் பதிவு வேண்டுமென்றால் சிலாங்கூர் பத்து ஆராங்கின் நிலக்கரி அடுக்குகளைச் சேர்ந்த களிப்பாறை மாதிரி மெல்லிய அடுக்குள்ள பாறையில் தேட வேண்டும்.

கல்மரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் திருவக்கரைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் சிலிக்கா ஏறி இறுகியது, அதனால் கத்தி கீறாது, அடர்த்தி 2.6 பக்கம் வரும், குறுக்கு முனையில் லென்ஸ் வைத்தால் சிறு துளைகள் ஒரே சீராகத் தெரியும். வெறும் கோடுகளை நம்பக்கூடாது, இரும்பு ஊறிய மணற்கல்லிலும் ஆண்டு வளையம் மாதிரியே வட்டவட்டமாகக் கோடு வரும். லென்ஸில் மணல் தெரிந்தால் மணற்கல், துளை தெரிந்தால் மரம். கருப்பு ஆற்றுக்கல்லைச் சாளக்கிராமம் என்று விற்பவர்களுக்கும் இதே லென்ஸ்தான் பதில். சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம், சுருளும் அறைத்தடுப்புகளும் உள்ளே இருக்க வேண்டும், வழவழப்பு மட்டும் போதாது.

பல்லும் எலும்பும் குகையில்தான் அதிகம் கிடைக்கும், அதிலும் பல்தான். தென்கிழக்காசியக் குகைகளில் முள்ளம்பன்றி எலும்புகளையும் பல்லின் வேரையும் கொறித்துத் தின்றுவிட்டு எனாமல் மூடிய தலைப்பகுதியை விட்டுவிடும், அதனால் வேர் இல்லாத பல்லைப் பார்த்தால் போலி என்று நினைக்க வேண்டாம், நல்ல அறிகுறி அது. பத்துமலையில் ஒராங் ஊத்தான் பற்கள் இப்படித்தான் கிடைத்தன. எனாமலுக்கு ஒரு பளபளப்பு உண்டு, வழவழப்பான வெங்கச்சங்கல்லில் அது வராது. பன்றியின் கடைவாய்ப்பல் மனிதப் பல் மாதிரியே இருக்கும், போலீசுக்கு ஓடுவதற்கு முன் அதை நினைவில் வையுங்கள். ஆனால் மனித எலும்பு என்று உறுதியாகத் தோன்றினால் ஓடத்தான் வேண்டும்.

டைனோசர் இருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். 2014இல் மலாயாப் பல்கலைக்கழகக் குழு பகாங்கில் கிடைத்த டைனோசர் பல்லை அறிவித்தது, நாட்டில் அதுதான் முதல். ஆனால் அது டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து மணற்கல், நம் பக்கத்துக் கிரானைட்டும் சுண்ணாம்புக்கல்லும் டைனோசர் தேட ஏற்ற பாறைகள் அல்ல. அந்தக் குழு இடத்தைச் சொல்லாமல் மறைத்தது என்பதையும் கவனியுங்கள். பேஸ்புக்கில் இருப்பிடத்தோடு படம் போட்டால் மறுநாளே மண்வெட்டியோடு ஆள் நிற்கும்.

உருவம் உயிருடையதாக இல்லாமல் கையால் செய்தது மாதிரி இருந்தால்? ஒரு முனை ஆப்பு போல் கூராகி, எல்லா முகமும் தேய்த்து வழவழப்பாக இருந்தால் அது புதிய கற்காலத்துக் கோடாரியாக இருக்கலாம். மலாய்க்காரர்கள் இதை பத்து லிந்தார் என்பார்கள், இடி விழுந்த இடத்தில் கிடைப்பதாக நம்பிக்கை, நம் பாட்டிமார் சிலரும் இடிக்கல் என்று அரிசிப் பானையில் வைத்திருப்பார்கள். இது கல்லாக அல்ல, தொல்பொருளாகப் பார்க்க வேண்டியது. கருங்கண்ணாடி மாதிரி, மேலெல்லாம் சிறு குழிகளோடு கிடைத்தால் டெக்டைட் என்ற பெயரையும் யோசிக்கலாம். ஏறக்குறைய 7.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் இந்தப் பகுதியில் விண்கல் மோதியபோது உருகித் தெறித்தது, இந்தோசீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை சிதறிக் கிடக்கிறது, ஈயச் சுரங்கச் சரளைகளிலும் கிடைத்திருக்கிறது. காந்தம் இழுக்காது, அடர்த்தி 2.4 பக்கம். மெல்லிய ஓரத்தில் டார்ச் அடித்தால் பழுப்பு தெரிய வேண்டும், பச்சையோ நீலமோ தெரிந்தால் பழைய பாட்டில்.

தேடப் போவதும் சொல்லப் போவதும்

தோட்டம் தனியார் நிலம், மேனேஜர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். குவாரிக்குள் நுழையாதீர்கள், லம்பக் குட்டைக் கரை உள்ளே சரியும். சுண்ணாம்புக் குன்றின் அடியில் நிற்கும்போது மேலே பாருங்கள், 1973இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை பெயர்ந்து விழுந்து பலர் செத்தார்கள். குகைச் சுவரில் பல்லோ எலும்போ பதிந்திருந்தால் நெம்பி எடுக்க வேண்டாம், சுவரில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வயதே கணிப்பார்கள்.

சாதாரணக் கல், தாது, படிகம் என்றால் கனிம, புவி அறிவியல் துறையிடம் கேட்கலாம், ஜே.எம்.ஜி. என்றால் தெரியும். ஈப்போவில் அவர்களுடைய புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. கையில் கல்லோடு போவதற்கு முன் அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள உள்ளூர்க் கற்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாலே பாதிக் கேள்வி தீரும். புதைபடிவம் என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை. கற்கருவி, பானை ஓடு, குகை எலும்பு என்றால் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மையம், லெங்கோங்கில் நிறைய வேலை செய்தவர்கள் அவர்கள்தான். தொல்பொருளைக் கண்டெடுத்தால் தெரியப்படுத்த வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்திலேயே உண்டு, மாவட்ட அலுவலகத்தில் சொன்னாலும் போதும். விற்கலாமா என்ற கேள்வியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

"இது என்ன?" என்று ஒரே ஒரு மங்கலான படத்தோடு அனுப்பினால் பதில் வராது, வந்தாலும் ஒரு வரியில் வரும். ஆறு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம், காசோ அடிக்கோலோ பக்கத்தில், உடைந்த முகத்தை லென்ஸ் வழியாக ஒரு படம், நனைத்து ஒன்று, உலர்ந்து ஒன்று. கூடவே இடம், ஆழம், எடை, அடர்த்தி, கத்தி, வினிகர், ஓட்டுக்கோடு, காந்தம் என்று நீங்கள் கண்டதை மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலைந்து வரியில் எழுதுங்கள். நீங்கள் நினைக்கும் பெயரை எழுத வேண்டாம், டைனோசர் என்ற சொல்லைத் தலைப்பில் பார்த்ததுமே சில மின்னஞ்சல்கள் திறக்கப்படுவதில்லை. கல்லை நேரில் கொண்டுபோவதாக இருந்தால் பஞ்சில் அல்ல, மெல்லிய தாளில் சுற்றுங்கள், பஞ்சு நார் முனைகளில் மாட்டும். உடைந்த துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றுங்கள், ஒட்ட வைக்காதீர்கள். கூட வைக்கும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், நம் ஊர் ஈரத்தில் பேனா மை ஊறிப்போகும்.